கலயத்தில் டெக்கீலா: செப்டம்பர் 16-க்கு ஒரு நெல்லைச் சீமைக் கைமுறை

முதலில் தேதி. டெக்கீலா மெக்சிகோவின் கற்றாழைச் சரக்கு. டெக்கீலா விருந்து என்று தேடினால் மே 5 என்றுதான் வந்து நிற்கும். அது 1862-இல் புவேப்லா என்ற ஊரில் மெக்சிகோக்காரர்கள் பிரெஞ்சுப் படையை விரட்டிய நாள். அதற்கு அமெரிக்காவில்தான் ஆட்டம்பாட்டம் அதிகம். மெக்சிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16. 1810-இல் அன்று விடியும் நேரத்தில் டோலோரெஸ் ஊர்ப் பாதிரியார் மிகேல் இடால்கோ கோயில் மணியை அடித்து ஊரைக் கூட்டி, ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராகக் குரல் கொடுத்தார். இன்றைக்கும் 15-ஆம் தேதி இரவு 11 மணிக்கு மெக்சிகோ நகர மாளிகை மாடத்தில் ஜனாதிபதி மணியடித்து ‘விவா மெஹிகோ’ என்று கூவுவது வழக்கம். அந்த நேரம் நமக்கு 16-ஆம் தேதி காலை பத்தரை. பத்தரைக்கே கிளாஸைத் தூக்க வேண்டாம், டாஸ்மாக்கே பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். மணியோசையைக் காலையில் போனில் பார்த்துவிட்டு, மற்றதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான செய்முறைகள் அமெரிக்கக் கடைகளில் விற்கும் பெரிய, விதையில்லாத பச்சை எலுமிச்சையை வைத்து எழுதியவை. மெக்சிகோக்காரர் சாப்பாட்டிலும் குடியிலும் பிழிகிற பழம் அதுவல்ல. சின்னதாக, மெல்லிய தோலோடு, விதையோடு இருக்கும் அந்தப் பழமும் நம் புளியங்குடி எலுமிச்சையும் ஒரே இனம். ஆகவே பழத்தில் நாம் மாற்றுச் சரக்கு தேட வேண்டியதில்லை, அளவைத்தான் மாற்ற வேண்டும். நம் பழத்தில் புளிப்பும் வாசனையும் தூக்கல். வெளிநாட்டுச் செய்முறையில் ‘ஒரு பழம்’ என்று இருந்தால் அது 30 மி.லி. சாறு, நம் பழம் ஒன்று தருவது சுமார் 15 மி.லி. பழத்தை எண்ணிப் போட்டால் கணக்கு தப்பும். சாற்றை அளந்து ஊற்றுங்கள்.

பாட்டில்

டெக்கீலா, அகாவே எனப்படும் நீலக் கற்றாழையின் அடிக்கிழங்கை வேகவைத்து, நசுக்கி, நொதிக்கவைத்து வடிப்பது. ஹலிஸ்கோ மாநிலத்திலும் இன்னும் நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் வடித்தால்தான் அந்தப் பெயர் போட முடியும். லேபிளில் ‘100% அகாவே’ என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படி இல்லாவிட்டால் 51 சதவீதம் கற்றாழைச் சர்க்கரையும் மீதிக்கு வேறு சர்க்கரையும் போட்டதாக இருக்கலாம். ‘கோல்ட்’ என்று பொன்னிறத்தில் மின்னுவதில் பெரும்பாலும் அந்த நிறம் கேரமல் கொடுத்தது. மறுநாள் தலைவலிக்குக் கற்றாழையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கலப்பதற்கு பிளாங்கோ, அதாவது ஊறல் போடாத வெள்ளை. கருப்பட்டி சேர்க்கிற பானத்துக்கு மட்டும் ரெபோசாடோ, குறைந்தது இரண்டு மாதம் மரப்பீப்பாயில் கிடந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஊறிய அன்யெஹோ கையில் இருந்தால் அதைச் சும்மா குடியுங்கள், எலுமிச்சையில் கரைப்பது அநியாயம். பாட்டிலில் புழு இருக்குமே என்று கேட்பவர்களுக்கு: அது மெஸ்கால் என்ற இன்னொரு கற்றாழைச் சரக்கின் சிலவகை பாட்டிலில் போடுகிற சங்கதி, டெக்கீலாவில் கிடையாது.

சாதாரண டாஸ்மாக்கில் டெக்கீலா எதிர்பார்க்க வேண்டாம், எலைட் கடையில் கேட்டுப் பாருங்கள். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் சொந்தக்காரர் விமான நிலையத்தில் தலைக்கு 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். நம் சீமையில் நல்ல பாட்டில் வந்து சேரும் வழி பெரும்பாலும் அதுதான். மீலாது நபி அன்று கடை அடைப்பு. 2024, 2025 இரண்டு வருடமும் அது செப்டம்பரில்தான் வந்தது, காலண்டரைப் பார்த்து முன்கூட்டியே வாங்கிவையுங்கள். வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். தக்காணத்துக் கற்றாழையிலிருந்து இந்தியாவிலேயே வடித்த சரக்கும் உண்டு. டெக்கீலா என்று பெயர் போட முடியாதே தவிர, இந்தக் கலவைகளுக்கெல்லாம் அது தாராளமாகப் போதும்.

ரயில் பாதையோரம் நிற்கிற ஆனைக்கற்றாழையும் இந்தக் குடும்பம்தான். அதைப் பார்த்து யாருக்காவது யோசனை ஓடினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளட்டும். வீட்டில் காய்ச்சினால் அது கள்ளச்சாராய வழக்கு, மெத்தனால் ஆபத்து தனி.

750 மி.லி. பாட்டில் ஒன்றில் 50 மி.லி. வீதம் 15 கிளாஸ் வரும். ஆளுக்கு இரண்டு என்றால் ஏழு பேருக்கு ஒரு பாட்டில். அதற்கு மேல் வாங்கினால் அதற்கு மேல் குடிப்பார்கள்.

எலுமிச்சை, உப்பு, பாகு, ஐஸ்

பத்துப் பேருக்கு ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் அரை லிட்டர் சாறு வேண்டும், கழிவுக்கும் சேர்த்து 40 பழம். கடையில் ‘அண்ணாச்சி, சாத்துக்கு ஆகிற பழமா குடுங்க’ என்றால் மஞ்சள் பழமாகத்தான் எடுத்துக் கொடுப்பார். தோல் மெலிந்து, அமுக்கினால் கொடுக்கிற பழம் நல்லது. கையில் கனமாக இருக்க வேண்டும். பச்சைக்காய் வாசனை தரும், சாறு தராது. பத்துக்கு இரண்டு என்று பச்சையைக் கலந்து வாங்கினால் இரண்டும் கிடைக்கும்.

பிழிவது அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல். காலையில் பிழிந்து வைத்த சாறு ராத்திரிக்குச் சப்பென்று போய்விடும். ஒட்டப் பிழியாதீர்கள், தோலின் கசப்பு இறங்கும். டீ வடிகட்டியில் ஒருமுறை வடிகட்டினால் விதையும் சக்கையும் போய்விடும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் வையுங்கள். விசேஷ வீட்டுப் பெருமைக்காகப் பித்தளைச் செம்பில் ஊற்றிவைத்தால் புளிப்பு பட்டுக் களிம்பு இறங்கும், அது விஷம். ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. இன்னொன்று: பிழிந்த கையோடு வெயிலில் போய் நிற்காதீர்கள். எலுமிச்சைத் தோல் எண்ணெயும் வெயிலும் சேர்ந்தால் கையில் சூடுபோட்ட மாதிரித் தடிப்பு வரும், கருப்புத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே போங்கள்.

உப்புக்குத் தூத்துக்குடி இருக்கிறது. கல்லுப்பை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, ரவை பருவத்தில் எடுங்கள். பாக்கெட் தூளுப்பு மாவு மாதிரி அப்பிக்கொண்டு வாயில் கரித்துவிடும். இரண்டு ஸ்பூன் உப்புக்கு ஒரு ஸ்பூன் வறுத்துப் பொடித்த மிளகாய் வத்தல் கலந்தால், மெக்சிகோவில் பழத்தின் மேல் தூவுகிற பொடிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். விளிம்பில் உப்பு ஒட்ட எலுமிச்சைத் துண்டால் கிளாஸின் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் பாதி வட்டம் மட்டும் தடவி உப்பில் உருட்டுங்கள். உள்பக்கம் ஒட்டினால் உப்பு பானத்தில் விழுந்து மொத்தமும் கெடும். பாதி விளிம்பை வெறுமனே விட்டால் உப்பு வேண்டாதவர் அந்தப் பக்கமாகக் குடிக்கலாம்.

பாகுக்கு மெக்சிகோவில் கற்றாழைத் தேன். நமக்குப் பனை. வெள்ளை டெக்கீலாவுக்குப் பனங்கற்கண்டு: 200 கிராம் கற்கண்டைத் தட்டி 200 மி.லி. தண்ணீரில் இளஞ்சூட்டில் கரைத்து ஆறவையுங்கள். கம்பிப் பதம் வேண்டாம், கரைந்தால் போதும். ரெபோசாடோவுக்கு உடன்குடிக் கருப்பட்டி, அதே அளவில். அந்தப் புகைவாடை மரப்பீப்பாய் வாடையோடு ஒட்டும். கருப்பட்டியைக் கரைத்து மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, அரை மணி அசையாமல் வைத்து, மேலாக இறுத்து வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அடியில் மண் நிற்கும். பதநீர்ப் பானையில் தடவிய சுண்ணாம்பின் மிச்சமும் கருப்பட்டியில் இருக்கும், அது எலுமிச்சைப் புளிப்பைச் சற்று அடக்கும். அதனால் கருப்பட்டி போடுகிற கிளாஸுக்குச் சாறு 5 மி.லி. கூட. இரண்டு பாகுமே ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

ஐஸ்தான் நம் ஊரில் கெடுக்கிற பொருள். மீனுக்குப் போடுகிற பார் ஐஸை உடைத்துப் போடவே கூடாது. சாப்பிடத் தகாத ஐஸில் நீலம் கலக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி, ஆனால் நீலமில்லை என்பதற்காக நல்ல தண்ணீர் ஐஸ் என்றும் நம்பிவிட முடியாது. கொதித்து ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே இரண்டு நாளுக்கு முன்பிருந்து உறையவைத்து, கவரில் கட்டிச் சேருங்கள். ஆளுக்கு அரைக் கிலோ ஆகும். அந்த வாரம் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கரீட்டா

சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் கணக்கு: 50 மி.லி. டெக்கீலா, 20 மி.லி. ஆரஞ்சு மது, 15 மி.லி. எலுமிச்சை. ஆரஞ்சு மது திருநெல்வேலியில் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் குறையில்லை. 1990 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவின் டாமீஸ் உணவகத்தில் ஹூலியோ பெர்மெஹோ ஆரஞ்சு மதுவை எடுத்துவிட்டுக் கற்றாழைத் தேன் ஊற்றிய வகையே இன்றைக்குத் தனிப் பெயரோடு நிற்கிறது. அந்த வழியில் நம் அளவு ஒரு கிளாஸுக்கு:

வெள்ளை டெக்கீலா 50 மி.லி.
எலுமிச்சைச் சாறு 25 மி.லி.
பனங்கற்கண்டுப் பாகு 20 மி.லி.

ஷேக்கர் இல்லையென்றால் இறுக்கமான திருகுமூடி போட்ட எவர்சில்வர் டப்பா. இருமல் மருந்தோடு வருகிற அளவுமூடி இருந்தால் அதுவே அளவுகோல். மூன்றையும் ஊற்றி, டப்பா முக்கால்வாசிக்கு ஐஸ் போட்டு, மூடியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு விநாடி ஓங்கிக் குலுக்குங்கள். டப்பா வெளியே வியர்த்து, பிடிக்க முடியாமல் கை சில்லிட்டால் சரி. உப்பு ஒட்டிய கிளாஸில் புது ஐஸ் போட்டு வடிகட்டி ஊற்றுங்கள். குலுக்கிய ஐஸையே கிளாஸில் கொட்டக் கூடாது, அது பாதி கரைந்தது.

குலுக்கல் குளிர்ச்சிக்கு மட்டுமல்ல. அதில் கால்பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் சேர்கிறது, அந்தத் தண்ணீரும் செய்முறையில் சேர்ந்ததுதான். மூன்று துண்டு ஐஸை மட்டும் போட்டுக் குலுக்கினால் அவை சீக்கிரம் கரைந்து, சூடாகவும் நீர்த்தும் வரும். நிறைய ஐஸ் போட்டால் நீர்ப்பு குறையும் என்பது முதல்தடவை கேட்கிறவருக்கு நம்ப முடியாது, செய்து பார்த்தால் தெரியும்.

ஆரஞ்சு வாசனை வேண்டுமென்றால் ஒரு ஆரஞ்சின் மேல்தோலை, வெள்ளைப் பகுதி வராமல் சீவி, தட்டிய கற்கண்டில் பிசறி இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, அதையே பாகாகக் கரைத்து வடிகட்டுங்கள்.

பத்துப் பேருக்கு ஒவ்வொன்றாகக் குலுக்கினால் கை விட்டுப்போகும். டெக்கீலா 500, பாகு 200, குடிதண்ணீர் 250 மி.லி. மூன்றையும் கலந்து மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பரிமாறுவதற்குச் சற்று முன் 250 மி.லி. எலுமிச்சைச் சாறு சேருங்கள். தண்ணீரைப் பார்த்து ‘இது எதுக்கு’ என்று யாராவது தடுப்பார்கள். குலுக்கும்போது வந்திருக்க வேண்டிய தண்ணீர் அது. கிளாஸில் ஐஸ் நிறையப் போடுவதாக இருந்தால் 150 போதும்.

ருசி தப்பினால்: பல் கூசினால் பாகு 5 மி.லி. தித்தித்தால் சாறு 5 மி.லி. இரண்டும் சரியாக இருந்தும் ‘என்னமோ குறையுது’ என்றால் ஒரு சிட்டிகை உப்பு. அடிநாக்கில் கசந்தால் பழத்தை ஒட்டப் பிழிந்திருக்கிறீர்கள், அதற்கு மருந்து கிடையாது.

கலயத்தில் கன்டரீட்டோ

நம் சீமைக்கென்றே செய்தது போன்ற பானம். ஹலிஸ்கோவில் மண்குடுவையில் கொடுப்பார்கள், ‘கன்டரீட்டோ’ என்றால் சின்ன மண்குடம். பதநீர்க் கலயத்தின் குட்டி வடிவம் போதும், 350 முதல் 400 மி.லி. கொள்ளவு. காருகுறிச்சிப் பக்கம் சொல்லிவைத்தால் செய்து கொடுப்பார்கள். வர்ணம் பூசியதோ பளபளவென்று மெருகு ஏற்றியதோ வேண்டாம், புளிப்பு பட்டால் அதிலிருந்து காரீயம் இறங்கலாம். சுட்ட வெறும் மண் போதும்.

புதுக்கலயத்தை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவையுங்கள், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். ஊறாத மண் பானத்தை உறிஞ்சும், பச்சை மண்வாடையும் தூக்கலாக அடிக்கும். ஊறிய மண் வெளிப்பக்கம் நீர் கசிந்து, அது ஆவியாகிற வேகத்தில் உள்ளே குளிரவைக்கும். செப்டம்பர் மாதக் காற்றுக்கு இந்த வித்தை நன்றாகவே பலிக்கும்.

மெக்சிகோவில் இதற்கு கிரேப்ஃப்ரூட் வேண்டும். நம்மிடம் பம்பளிமாஸ் கிடைத்தால் அதுதான் நெருங்கிய சொந்தம். சுளையின் தோலை உரித்து உள்சதையை மட்டும் பிழியுங்கள், தோலோடு பிழிந்தால் கசப்பு மண்டிவிடும். பம்பளிமாஸ் இல்லாவிட்டால் சாத்துக்குடிச் சாற்றில் ஒரு ஸ்பூன் நாரத்தங்காய்ச் சாறு விட்டால் அந்த மெல்லிய கசப்பு வந்துவிடும். சாத்துக்குடியை முன்கூட்டிப் பிழிந்து வைக்கவே கூடாது, அரை மணியில் தானாகக் கசக்க ஆரம்பிக்கும். ஜூஸ் கடையில் கண்ணெதிரே பிழிந்து தருவதன் காரணமும் அதுதான்.

ஊறிய கலயத்தின் விளிம்பில் வத்தல் உப்பு. உள்ளே கழுத்து வரை ஐஸ். டெக்கீலா 50, சாத்துக்குடிச் சாறு 45, பம்பளிமாஸ் சாறு 30, எலுமிச்சை 20, பாகு 10 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு. நீளக் கரண்டியால் அடியிலிருந்து இரண்டு சுற்று. மேலே குளிர்ந்த கோலி சோடா 90 மி.லி. ஊற்றி ஒரே ஒரு சுற்று, அதோடு விட்டுவிடுங்கள். சோடா ஊற்றிய பிறகு கலக்கக் கலக்க வாயு போகும். குலுக்குகிற டப்பாவில் சோடாவை ஊற்றினால் மூடி கூரையில் இருக்கும். பன்னீர் சோடா வேண்டாம், ரோஜா வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

கொழுப்புக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கலயத்தில் பம்பளிமாஸைத் தவிர்க்கட்டும். கிரேப்ஃப்ரூட்டைப் போலவே இதுவும் அந்த மருந்துகளில் சிலவற்றை உடம்பில் தேக்கிவைக்கும். மாத்திரையோடு மது ஆகுமா என்பதை டாக்டரிடம் கேட்டுவிடுவது தனி விஷயம்.

பண்டேரா

பண்டேரா என்றால் கொடி. பச்சை, வெள்ளை, சிவப்பு. மூன்று சின்னக் கிளாஸில் எலுமிச்சைச் சாறு, டெக்கீலா, சங்கிரீட்டா. வரிசை மாறக் கூடாது. ஒவ்வொன்றிலும் மடக்கு மடக்காக மாற்றி மாற்றிக் குடிப்பார்கள், ஒரே மூச்சில் கவிழ்ப்பது கிடையாது. உப்பை நக்கி, சரக்கை இறக்கி, எலுமிச்சையைக் கடிக்கிற சடங்கு மட்டமான சரக்கின் ருசியை மறைக்கத்தான் உதவும்.

சங்கிரீட்டா எட்டுப் பேருக்கு: சாத்துக்குடிச் சாறு 150, மாதுளைச் சாறு 100, எலுமிச்சை 50 மி.லி., உப்பு அரை ஸ்பூன், வெந்நீரில் ஊறவைத்து விதை நீக்கி அரைத்த வத்தல் இரண்டு. வடிகட்டிக் குளிரவையுங்கள். தக்காளி ஊற்றுகிறவர்களும் உண்டு, ஆனால் ஹலிஸ்கோவின் பழைய வழியில் சிவப்பு மாதுளையும் வத்தலும்தான் தருகின்றன. மாதுளையை மிக்ஸியில் நீளமாக ஓடவிட்டால் விதை அரைந்து துவர்க்கும். துணியில் கட்டிக் கையால் பிழியுங்கள். எலுமிச்சைச் சாறு பார்க்கப் பச்சையாக இல்லையே என்றால் கிளாஸில் புதினா இலை ஒன்றை மிதக்கவிடுங்கள், பச்சைச் சாயம் வேண்டாம்.

பட்டாங்கா

இதற்கு வேலையே இல்லை. டெக்கீலா என்ற அந்த ஊரிலேயே, லா கபிய்யா என்ற பாரில், டான் ஹாவியெர் டெல்கடோ கொரோனா உருவாக்கியது. உப்பு விளிம்பு, ஐஸ், டெக்கீலா 50, எலுமிச்சை 15, கோலா 120 மி.லி. அவர் பழம் நறுக்குகிற கத்தியாலேயே கலக்கினார், அதுதான் இதன் அடையாளம். கோலாவுக்குப் பதில் போவண்டோ ஊற்றினால் பட்டாங்கா என்று பெயர் சொல்ல முடியாது, ஆனால் திராட்சை வாடையும் உப்பும் நன்றாகச் சேர்கின்றன. போவண்டோவுக்கு எலுமிச்சை 25 மி.லி. ஆக்குங்கள், தித்திப்பு அதிகம்.

குடிக்காதவர்களுக்கு

மெக்சிகோவிலும் புளித்தண்ணீர் உண்டு. புளியைக் கரைத்து, சர்க்கரை போட்டு, ஐஸோடு குடிப்பார்கள். சுக்கும் ஏலமும் இல்லாத பானகம் என்றே வைத்துக்கொள்ளலாம். 50 கிராம் பழைய புளியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, கருப்பட்டிப் பாகு 100 மி.லி. விட்டு, வத்தல் உப்பு விளிம்போடு கொடுங்கள். ஒரே மாதிரிக் கலயத்தில் இரண்டையும் வைத்தால் இருட்டில் மாறிப்போகும். குடிக்காதவர் கலயத்தின் கழுத்தில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது கட்டாயம்.

தொட்டுக்கொள்ள, சுட்ட சோளத்தில் எலுமிச்சையும் வத்தல் உப்பும் தேய்ப்பது இரண்டு ஊருக்கும் பொது. வெள்ளரி, கொய்யா, அன்னாசி நறுக்கி அதே பொடி தூவலாம். வெறும் வயிற்றில் ஆரம்பிக்கவிடாதீர்கள். புளிப்பும் தித்திப்பும் சரக்கின் காட்டத்தை மறைப்பதால் இரண்டாவது கிளாஸ் இறங்குவதே தெரியாது. வண்டிச் சாவிகளை முதல் கிளாஸுக்கு முன்பே ஒரு டப்பாவில் வாங்கிவைத்து, குடிக்காத ஒருவரிடம் கொடுங்கள்.

மறுநாள் கலயங்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், மண் சோப்பைக் குடித்துக்கொண்டு அடுத்த தடவை திருப்பித் தரும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். கவிழ்த்து இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் பூசணம் பிடிக்கும்.